வைராக்கியருக்குச் சோறு

தென்காசி மாவட்டத்தில் எந்தச் சாலையில் போனாலும் 'கலை மற்றும் அறிவியல் கல்லூரி' என்ற பெயர்ப்பலகை ஒன்று கண்ணில் படும். நடுவில் நிற்கும் அந்த 'மற்றும்' தமிழாசிரியர்களுக்கு ஆகாது. 'கலையும் அறிவியலும்' என்று எழுதலாம், உம்மைத்தொகையாகக் 'கலை அறிவியல்' என்றும் எழுதலாம், எதற்கு இந்த ஒட்டுச்சொல் என்பார்கள். நடை பற்றிய இந்த மனக்குறைக்குள் கல்வி பற்றிய குறையும் ஒன்று ஒளிந்திருக்கிறது. உம்மைத்தொகையில் 'உம்' வெளியே தெரியாது, ஆனாலும் இரண்டு பொருளையும் சேர்த்துக் கட்டியிருக்கும். 'மற்றும்' பளிச்சென்று தெரியும், ஆனால் இரண்டுக்கும் நடுவே வேலிக்கல் மாதிரி நிற்கும். நம் கல்லூரிகள் பெரும்பாலும் வேலிக்கல்லின் இலக்கணப்படிதான் நடக்கின்றன. வரலாற்று மாணவிக்கு வேதியியல் ஆய்வகத்தின் வாசல் தெரியாது. இயற்பியல் மாணவனுக்குத் தமிழ்த் துறை என்பது முதல் இரண்டு வருடம் தேர்ச்சி பெற்றுக் கடந்துபோக வேண்டிய தாள். இந்த நிலைமையில் 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற பெயரோடு ஹரியானாவிலும் ஆந்திர எல்லையிலும் புதிய தனியார் பல்கலைக்கழகங்கள் வந்திருக்கின்றன. துறைகளுக்கிடையே சுவர் கிடையாது, மாணவர் கணிதத்தோடு இசையும் படிக்கலாம், ஆசிரியர்கள் உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள் என்று அவை சொல்கின்றன. வருடக் கட்டணம் பல லட்சம். இதைப் பார்த்து, பலதுறைக் கல்வி என்பது வசதிபடைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கான புதுச் சரக்கு, சங்கரன்கோவில் போன்ற ஊருக்கு அது பொருந்தாது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இரண்டுமே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். அது புதுச் சரக்கு இல்லை; சங்கரன்கோவில் போன்ற ஊர்தான் அதற்கு இயல்பான இடம். நம்மிடம் இல்லாதது பாடப் பட்டியல் அன்று. அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு ஒரு நிலையான இருக்கையும், கேள்வியின் பின்னால் துறை தாண்டிப் போகும் உரிமையும்தான் இல்லை.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'லிபரல்' என்பதன் வேர் லத்தீனில் 'கட்டற்றவன்' என்று பொருள்படும் சொல். பழைய ரோமில் அடிமையல்லாதவன் கற்கத் தகுந்த கலைகளுக்கு அந்தப் பெயர். இடைக்கால ஐரோப்பா அவற்றை ஏழாக வகுத்தது: இலக்கணம், தருக்கம், சொல்லாற்றல் என்று மூன்று; எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் என்று நான்கு. நெசவும் தச்சும் கொல்லும் இந்த ஏழில் வரவில்லை. அவை கையால் உழைப்பவனின் கலைகள். நம் மரபில் ஆயகலைகள் அறுபத்து நான்கு என்கிறோம். அதற்குப் பல பட்டியல்கள் உண்டு. காமசூத்திரத்தில் உள்ளதை எடுத்துக்கொண்டால் பாட்டும் யாப்பும் இருக்கும் வரிசையிலேயே மாலை தொடுப்பதும் தையலும் தச்சும் சமையலும் இருக்கின்றன. பட்டியல் என்ற அளவில் இது ஐரோப்பியப் பட்டியலைவிடத் தாராளமானது. ஆனால் பட்டியல் சேர்த்து வைத்ததைச் சாதி பிரித்து வைத்தது. யாப்பு ஒரு தெருவுக்கும் தச்சு இன்னொரு தெருவுக்கும் என்று பங்கு போட்டாயிற்று. ஆக, கட்டற்ற கல்வி என்று எதையாவது தமிழில் சொல்வதானால், தறிக்காரர் மகள் யாப்பைப் பற்றியும், ஓதுவார் மகன் தறியைப் பற்றியும், இருவரும் சேர்ந்து இந்தப் பங்கீட்டைப் பற்றியும் கேள்வி கேட்கும் இடம் என்றுதான் அதற்கு விளக்கம் தர முடியும். அப்படிப்பட்ட இடம் தறிக்காரர் மகளுக்குப் பேருந்துக் கட்டணத்துக்குள் இருக்க வேண்டும். ஊர் முக்கியமாவது இதனால்தான்.

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் ஒரே பாறையில் குடைந்து, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே குன்றில், சற்று மேலே, பாறை முகம் நெடுக வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சிறு உருவத்தின் கீழும் இரண்டு மூன்று வரி வட்டெழுத்து. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த எழுத்துகளில் அரசர் பெருமை அதிகமில்லை. இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. செய்வித்தவர்களில் தச்சரும் குயவரும் உண்டு. ஆசிரியரைக் குறிக்கக் குரவர், குரவடிகள் என்ற சொற்களும், பெண் துறவியரைக் குறிக்கக் குரத்தியார் என்ற சொல்லும், கற்பவரைக் குறிக்க மாணாக்கர், மாணாக்கியர் என்ற சொற்களும் வருகின்றன. யாருடைய மாணாக்கர் யார் என்பது கல்லிலேயே பதிவாகியிருக்கிறது. பெண்ணொருத்தி குருவாக இருந்து மாணாக்கரைக் கொண்டிருந்தாள் என்பதற்கு இந்தக் கரிசல் காட்டுக் குன்றில் ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று இருக்கிறது. இவற்றோடு இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியருக்கு உணவளிக்கச் செய்த ஏற்பாடு பற்றிய பாண்டியர் காலக் கல்வெட்டு அது. என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைக் கல்வெட்டு விரித்துப் பேசவில்லை. சொல்லிக் கொடுப்பவருக்குச் சோறு எங்கிருந்து வரும் என்பதைத்தான் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

இதைப் பல்கலைக்கழகம் என்று கொண்டாடுவது மிகை என்பார்கள். சரிதான். அது ஒரு சமயத்தின் பள்ளி. அங்கே உரைத்தது அந்தச் சமயத்தின் சித்தாந்தம். பழங்காலக் கல்வி நிலையங்களைப் பற்றிப் பெருமை பேசும்போது விலக்கப்பட்டவர்களை மறந்துவிடுவது நம் வழக்கம். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்லூரியில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஆசிரியர் ஒருவருக்கு 24 மாணவர் என்ற அந்தக் கணக்கு இன்றைய எந்தக் கல்லூரி முதல்வருக்கும் பொறாமை தரும். ஆனால் அது வேதக் கல்விக்கான இடம். யார் உள்ளே வரலாம் என்பது பிறப்பிலேயே முடிவானது. ஆகவே இந்தச் சான்றுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பொற்காலக் கனவு அன்று, ஒரு நிர்வாக உண்மை. எண்ணாயிரத்திலும் கழுகுமலையிலும் கல்விக்கான கொடை முதன்மையாக ஆசிரியரின், மாணவரின் அன்றாட உணவுக்கான கொடைதான். அதுவும் ஒரு வருடத்துக்கு என்று இல்லாமல், தொடர்ந்து நடக்கும்படி செய்த ஏற்பாடு. ஆசிரியரின் நாளைய சோறு உறுதியாக இருந்தால்தான் இன்றைய பாடம் நடக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாம் கட்டடத்துக்குக் கொடை தருகிறோம், கல்வெட்டும் அதற்கே வைக்கிறோம்.

அண்மைக்காலத்துக்கு வருவோம். இந்தப் பகுதிக் கல்லூரிகள் இணைந்திருக்கும் பல்கலைக்கழகம் 1990-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து உருவானது. அதற்கு மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளையின் பெயரை வைத்தார்கள். ஆலப்புழையில் 1855-இல் பிறந்து 1897-இல், 42 வயதில் மறைந்த அவரைத் தமிழ்த்தாய் வாழ்த்தின் ஆசிரியராகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் தமிழ்ப் பேராசிரியர் இல்லை. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். அதற்கு முன் திருநெல்வேலியில், பின்னாளில் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்குத் தலைமை வகித்தவர். ஆங்கிலக் கதைக்கவிதை ஒன்றை அடியொற்றி 1891-இல் மனோன்மணீயம் என்ற நாடகத்தை எழுதினார். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து அரசர்களின் வரிசையை நிறுவ முயன்றார். திருஞானசம்பந்தரின் காலத்தைக் கணிக்க இலக்கியச் சான்றையும் வரலாற்றுச் சான்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். இவை எல்லாவற்றையும்விட நம் பொருளுக்கு நெருக்கமானது அவருடைய 'நூற்றொகை விளக்கம்' என்ற சிறு நூல். அறிவுத் துறைகளை எப்படி வகைப்படுத்துவது, அவை ஒன்றுக்கொன்று என்ன உறவில் நிற்கின்றன என்பதைத் தமிழில் பேசிய நூல் அது. துறைகளின் உறவைப் பற்றித் தமிழில் யோசித்த ஒரு தத்துவ ஆசிரியரின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் நம்முடையது. இன்று தமிழகத்தில் தத்துவத்தைப் பட்டப்படிப்பாக வைத்திருக்கும் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுந்தரம் பிள்ளை இன்று வேலை தேடி வந்தால் எந்தத் துறையில் எடுப்பது என்று தேர்வுக் குழு குழம்பிப்போகும்.

ஆனால் நம் பாடத்திட்டத்தில் பலதுறைக் கல்வி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. காகிதத்தில் அது நன்றாகவே இருக்கிறது. தமிழகத்தில் இளநிலைப் பட்டம் படிக்கும் எந்த மாணவியைக் கேட்டாலும் சொல்வாள்: பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ், பார்ட் த்ரீ மேஜரும் அலைடும், பார்ட் ஃபோர் என்.எம்.ஈ., பார்ட் ஃபைவ் என்.எஸ்.எஸ். மாதிரியான விரிவாக்கப் பணி. மொழி இரண்டு, முதன்மைப் பாடம், அதற்குத் துணைப்பாடம், வேறு துறையிலிருந்து விருப்பப்பாடம், சமூகப் பணி. இலட்சங்கள் வாங்கும் பல்கலைக்கழகங்கள் பளபளப்பான கையேட்டில் போடுவதும் ஏறக்குறைய இதைத்தான். பிறகு எங்கே கோளாறு? அந்த என்.எம்.ஈ. வகுப்பைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். கணினி அறிவியல், வணிகவியல், கணிதம் என்று மூன்று நான்கு வகுப்புப் பிள்ளைகளை ஒரு கூடத்தில் சேர்த்து உட்கார வைத்திருப்பார்கள். பெயர் விருப்பப்பாடம். ஆனால் பல இடங்களில் எந்த வகுப்புக்கு எந்தத் தாள் என்பது கால அட்டவணை போடும்போதே முடிவாகிவிடும். நடத்துகிறவருக்குத் தன் துறையில் ஏற்கெனவே 16 மணி நேரம் இருக்கும். அவர் அந்தத் தாளை விரும்பிக் கேட்டு வாங்கியதில்லை, மணிநேரக் கணக்கைச் சரிக்கட்டக் கொடுத்தது. ஐந்து அலகு, ஒரு குறிப்பேடு, பருவத் தேர்வுக்குப் பத்து வினா. பாடத்திட்டம் வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. வாசலில் நின்று உள்ளே கூப்பிட ஆளில்லை.

அப்படியானால் இந்த மண்ணில் துறைகளின் வேலியைத் தாண்டிய வேலை நடக்கவே இல்லையா? நிறைய நடந்திருக்கிறது. எங்கே நடந்தது என்பதுதான் யோசிக்க வைக்கிறது. நா. வானமாமலை (1917–1980) பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல் நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டி, 1969-இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கி, வரலாற்றையும் மானிடவியலையும் நாட்டார் பாடலையும் ஒரே மேசையில் போட்டுப் பேச வைத்தார். அவர் பதிப்பித்த கட்டபொம்மன் கதைப்பாடல், கான்சாகிபு சண்டை போன்றவற்றை மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆனால் அந்த வேலை விளைந்த இடம் அவருடைய வீடும் சிறுபத்திரிகையும். தூய சவேரியார் கல்லூரியில் தே. லூர்து முன்னின்று நாட்டார் வழக்காற்றியலை ஒரு துறையாகவே நிலைநிறுத்தினார். வில்லுப்பாட்டுக்காரரும் கணியான் கூத்துக்காரரும் அந்த ஆய்வின் நடுவே வந்தார்கள். தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றிச் செய்த முனைவர் பட்ட ஆய்வு, கோயிலை வழிபாட்டுத் தலமாக மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள சாதிகளின் உறவுக் களமாகப் பார்த்தது. அதை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் நூலாக வெளியிட்டது. அவர் பிறகு மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தார். இடைசெவல் கி. ராஜநாராயணன் கல்லூரிப் பக்கமே போகாதவர். கரிசல் வட்டாரச் சொல்லகராதியைத் தொகுத்த அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது. இந்த நால்வரில் ஒருவர் நிறுவனத்துக்கு வெளியே நின்றார், ஒருவர் நிறுவனத்துக்குள் புதுத் துறை கட்டினார், ஒருவர் பழைய துறைக்குள் இருந்தபடியே அதன் எல்லையை நகர்த்தினார், ஒருவரை நிறுவனம் தன் விதியைத் தளர்த்தி உள்ளே எடுத்தது. நான்கு வழிகளுக்கும் பொதுவான ஒன்று: பாடத்திட்டக் குழு முதலில் கூடி, பிறகு ஆளைத் தேடவில்லை. கேள்வியோடு ஓர் ஆள் இருந்தார், அவரைச் சுற்றிப் பாடம் உருவானது.

சங்கரன்கோவிலில் அப்படி என்ன கேள்வி இருக்கிறது என்று கேட்கலாம். நெற்கட்டும்செவல் பூலித்தேவரை எடுத்துக்கொள்வோம். 1755-இல் கர்னல் ஹெரானின் படை வந்து திரும்பியதையும், யூசுப்கானோடு நடந்த நெடிய போரையும், 1767-இல் கேம்பல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடித்ததையும் கும்பினி ஆவணங்கள் சொல்கின்றன. பூலித்தேவரின் முடிவைப் பற்றி அவை தெளிவாக எதையும் தருவதில்லை. ஊர் தருகிறது. கைதாகிப் போகும் வழியில் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட வேண்டும் என்று கேட்டார், உள்ளே போனார், சோதியில் மறைந்தார் என்கிறது வழக்காறு. கோயிலுக்குள் அந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். வரலாற்றுத் துறை இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடும். தமிழ்த் துறை கதைப்பாடலின் நயத்தைப் பேசிவிட்டு நகர்ந்துவிடும். அரசியல் மேடை இதை அப்படியே வரலாறு என்று முழங்கும். ஆவணம் மௌனமாக இருக்கும் இடத்தில் ஊர் ஏன் ஒரு சோதியை வைக்கிறது, தோற்றவனைப் பிணமாகப் பார்க்க மறுக்கும் மனம் எப்படிப்பட்டது, அந்த மனத்தைச் சாதிப் பெருமை எப்போது தன் சொத்தாக்கிக்கொண்டது என்ற கேள்விகளுக்கு வரலாறும் தமிழும் அரசியலும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இப்படி ஒரு பருவத் தாளை வடிவமைக்க அயல்நாட்டுப் பேராசிரியர் தேவையில்லை. ஆவணத்தையும் கதைப்பாடலையும் ஒரே மரியாதையோடும் ஒரே சந்தேகத்தோடும் படிக்கத் தெரிந்த ஒருவர் போதும்.

இன்னொன்று, தறி. சங்கரன்கோவிலின் சில தெருக்களில் விசைத்தறிச் சத்தம் வீட்டுச் சத்தத்தோடு சேர்ந்த ஒன்று. நாடா இடமும் வலமும் அடிபட்டு ஓடும். நாடாவுக்குள் தார், தாரில் ஊடை நூல். ஊடை அறுந்தால் தறி நிற்கும். பாவில் இழை அறுந்தால் ஆள் பார்த்துப் பிணைக்க வேண்டும். ஒருவரே இரண்டு மூன்று தறிகளைப் பார்ப்பார். சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவர்களுடைய பேச்சே உரத்துப்போயிருக்கும். இந்த ஒரு கூடத்தில் எத்தனை பாடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். நாடா ஓட்டம் இயற்பியல். அந்தச் சத்தம் காதை என்ன செய்கிறது என்பது உடலியல். நூல் விலை ஏறினால் கூலிப் பேச்சுவார்த்தை ஏன் இழுபடுகிறது என்பது பொருளியல். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் விசைத்தறியை எப்படித் தொட்டது என்பது சட்டமும் அரசியலும். கூடத்துக்குள் பெண்கள் எந்த வேலையைச் செய்கிறார்கள், எதைச் செய்வதில்லை என்பது சமூகவியல். பூச்சந்தையையும் இப்படியே பிரிக்கலாம்: விடியுமுன் மொட்டாகப் பறிக்கும் மல்லிகைக்கு முகூர்த்த நாளில் ஏறும் விலை பஞ்சாங்கமும் சந்தையும் கைகுலுக்கும் இடம். வணிகவியல் மாணவன் தேவை, அளிப்பு என்ற பாடத்தைப் புத்தகக் கோட்டுப் படத்தில் படிக்கிறான். அவனுடைய அம்மா அதைக் காலை ஐந்து மணிக்குச் சந்தையில் படிக்கிறாள். இருவருக்கும் நடுவே ஒரு சொல்கூடப் பரிமாறப்படுவதில்லை என்றால், அது அவன் பெற்ற கல்வியின் குறை.

உள்ளூரையே பாடமாக்கினால் பிள்ளைகள் கிணற்றுத் தவளை ஆகிவிடுவார்கள் என்பது முதல் மறுப்பு. பூலித்தேவரைத் தொட்டால் ஆர்க்காட்டு நவாபும் திருவிதாங்கூரும் கும்பினியும் அதன் பின்னால் ஐரோப்பாவின் ஏழாண்டுப் போரும் வருகின்றன. தறியைத் தொட்டால் உலகப் பஞ்சுச் சந்தை வருகிறது. உள்ளூர் கிணறு என்றால் அது அடியில் ஊற்றுள்ள கிணறு. ஆழமாகத் தோண்டியவருக்குத்தான் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. எல்லாவற்றிலும் கொஞ்சம் படித்தவன் எதிலும் தேறாமல் போவான், நுனிப்புல் மேய்ச்சலாகிவிடும் என்பது. பல தனியார் பல்கலைக்கழகங்களின் பாடப் பட்டியலைப் பார்த்தால் இந்தப் பயம் நியாயமானதுதான். இதற்கு இந்த ஊர்க்காரர்கள் வேறெங்கும் போய்ப் பதில் தேட வேண்டாம். சங்கரலிங்கத்துக்கும் கோமதி அம்மனுக்கும் இடையில் இருக்கும் சன்னதியில் சங்கரநாராயணர் நிற்கிறார். அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்று கேட்ட காட்சி என்று அதைத்தான் ஆடித்தபசில் கொண்டாடுகிறோம். அந்த உருவத்தில் ஒரு பாதியில் மழுவும் மறு பாதியில் சங்கும் இருக்கும். சடையும் மகுடமும் கலந்து மூன்றாவதாக ஏதோ ஒன்றாகிவிடவில்லை. ஒவ்வொரு பாதியும் தன் அடையாளம் குறையாமல் நிற்கிறது, ஆனாலும் உடல் ஒன்று. துறைச் சேர்க்கைக்கு இலக்கணம் அதுவே. சுந்தரம் பிள்ளை கல்வெட்டைத் தொட்டபோது தத்துவ ஆசிரியரின் பொழுதுபோக்காகத் தொடவில்லை, கல்வெட்டியலின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே தொட்டார். ஒரு துறையில் வேர்விடாதவருக்கு இன்னொரு துறையின் வாசலில் கேட்க ஒன்றும் இருக்காது.

மூன்றாவது மறுப்பு வயிற்றைப் பற்றியது: இதெல்லாம் படித்தால் வேலை கிடைக்குமா? முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளையின் வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் இளக்காரமாகப் பேச முடியாது. 2021–22 கணக்குப்படி தமிழகத்தில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. அகில இந்திய அளவு 28.4. இந்த உயரத்துக்கு நம்மைக் கொண்டு வந்தவர்கள் அந்த வீட்டார்தான். ஆனால் அவர்கள் பிள்ளைகள் பட்டம் வாங்கியபின் என்ன செய்கிறார்கள்? பலர் நூலக வாசிப்பறையிலும் பயிற்சி மையத்திலும் உட்கார்ந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறார்கள். 2024-இல் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் தமிழ், வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம், புவியியல், அறிவியல், கணக்கு எல்லாம் இருக்கின்றன. அச்சு அசல் பலதுறைக் கல்வி! மூன்று வருடம் சுவர்களுக்குள் அடைத்துப் படிக்க வைத்துவிட்டு, பட்டம் வாங்கியபின் அதே பலதுறை அறிவைச் சொந்தச் செலவில், கேள்வி கேட்கும் உரிமை இல்லாமல், குறிப்பாக மனப்பாடம் செய்ய அனுப்புகிறோம். நாட்டிலேயே மிகப் பெரிய பலதுறைக் கல்வி நிலையம் நம் பயிற்சி மையங்கள்தாம் என்றால் மிகையாகாது. கல்லூரியிலேயே அதை உயிரோடு கற்பித்தால் வேலை வாய்ப்பு ஒன்றும் குறைந்துவிடாது. 6,244 பேருக்குப் போக மீதிப் பேருக்கு யோசிக்கும் பழக்கமாவது மிஞ்சும்.

நான்காவது மறுப்பு அரசியல் சார்ந்தது. பலதுறை, நெகிழ்வு, நான்கு வருடப் பட்டம், இடையில் வெளியேறும் வசதி என்பதெல்லாம் தேசியக் கல்விக் கொள்கை 2020-இன் சொற்கள். அவற்றின் வழியாக மையப்படுத்தலும் தனியார்மயமும் வருகின்றன என்ற ஐயம் தமிழகத்தில் பரவலாக இருக்கிறது. இந்த ஐயத்துக்குக் காரணம் உண்டு. இடையில் வெளியேறலாம் என்ற சலுகை யாருக்கு வாசலாகவும் யாருக்குத் தள்ளுவழியாகவும் முடியும் என்பதை முதல் தலைமுறை மாணவரை அறிந்த எவரும் ஊகிக்கலாம். ஆனால் மையப்படுத்தல் தில்லியில் செய்தால் மட்டும் தவறாகிவிடாது. 2023-இல் தமிழக உயர்கல்வி மன்றம் 75 விழுக்காடு பொதுப் பாடத்திட்டம் என்றபோது தன்னாட்சிக் கல்லூரிகளும் ஆசிரியர் அமைப்புகளும் எதிர்த்தது இதே காரணத்துக்காகத்தான். இந்தியாவிலேயே தன்னாட்சிக் கல்லூரி என்ற முறை 1978-இல் வேர்விட்ட மாநிலம் இது; சென்னைக் கிறித்தவக் கல்லூரி, லயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை முதல் வரிசையில் நின்றன. தன்னாட்சி இல்லாமல் சவேரியாரில் நாட்டார் வழக்காற்றியல் வளர்ந்திருக்குமா என்பது சந்தேகம். மொழியைப் பற்றிய தயக்கத்துக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியபின், தத்துவம், வரலாறு, உளவியல், இயற்பியல் என்று நூற்றுக்கணக்கான கல்லூரி நூல்களைத் தமிழில் எழுத வைத்தார்கள். காந்திகிராமத்தில் மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிப் படிப்பது பாடத்தின் பகுதியாகவே இருந்து வருகிறது. நமக்குப் புதுக் கொள்கை வேண்டியதில்லை, நாமே தொடங்கியவற்றின் நினைவு இருந்தால் போதும்.

இப்போது மிஞ்சுவது ஆசிரியர். தமிழக அரசுக் கல்லூரிகளில் வகுப்பின் பெருஞ்சுமையைத் தாங்குபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில் இருக்கும் கௌரவம் பணியில் இல்லை. 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு இத்தகையவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று வழிகாட்டியது. அதன் பின்னும் பல வருடங்கள் தமிழகத்தில் அவர்கள் பெற்றது அதில் பாதியும் அதற்குக் கீழும்தான். மே மாதத்தில் அதுவும் இருக்காது. முனைவர் பட்டம், தகுதித் தேர்வு, பதிப்பித்த கட்டுரை எல்லாம் வைத்திருப்பவர் அடுத்த கல்வியாண்டில் தமக்கு இடம் உண்டா என்று தெரியாமல் பாடம் நடத்துகிறார். இவரிடம் போய், துறையின் சுவரைத் தாண்டுங்கள், தறிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், பூலித்தேவரைப் பற்றிச் சாதிச் சங்கத்துக்குப் பிடிக்காத கேள்வியை எழுப்புங்கள் என்று சொல்வது எவ்வளவு நியாயம்? கேள்விக்குத் துணிச்சல் வேண்டும்; துணிச்சலுக்கு மாதச் சம்பளம் வேண்டும். பாடப்பிரிவு வந்தால் ஆசிரியர் தானாக வருவார் என்று நினைப்பது, தறியை வாங்கி வைத்தால் புடவை தானாக விழும் என்று நினைப்பதைப் போன்றது. 2022-இல் மானியக் குழு 'நடைமுறைப் பேராசிரியர்' என்றொரு பதவியை அறிமுகம் செய்தது. பட்டம் இல்லாவிட்டாலும் துறை அனுபவம் உள்ளவரைச் சில வருடங்களுக்கு அமர்த்திக்கொள்ளலாம். பெரும்பாலும் தொழிற்சாலை நிர்வாகிகளை மனத்தில் வைத்து வந்த விதி இது. ஆனால் கி.ரா.வை ஒரு பல்கலைக்கழகம் அழைத்ததைப் போல, வில்லிசைப் புலவரையும் தறி மேஸ்திரியையும் அந்த நாற்காலியில் உட்கார வைக்க விதியில் தடை இருப்பதாகத் தெரியவில்லை. தயக்கம் நம் மனத்தில்தான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அழைக்கும் ஆசிரியர் நிரந்தரமாக இருந்தால்தான் அழைக்கப்படும் கலைஞருக்கு அங்கே பொருள் உண்டு. இரண்டு தற்காலிகங்கள் சேர்ந்து ஒரு துறையைக் கட்ட முடியாது.

இதற்குப் பணம் எங்கே என்பது கடைசி மறுப்பு. எல்லாக் கல்லூரிக்கும் எல்லாத் துறையும் ஒரே நாளில் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மேலநீலிதநல்லூரிலோ சங்கரன்கோவிலிலோ ஒரு கல்லூரியில் இரண்டே இரண்டு நிரந்தர இடங்கள், எந்த ஒரு துறைக்கும் மட்டுமே சொந்தமில்லாதவை, ஒரு வட்டாரக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பத்து வருடம் போகிறவருக்கு என்று ஒதுக்கினால் அதுவே தொடக்கம். புதிதாக ஒரு கூட்ட அரங்கம் கட்டும் செலவைவிட அது அதிகமாகிவிடாது. கழுகுமலைப் பாறையில் பெயர் வெட்டி வைத்த குயவரும் தச்சரும் நம்மைவிடச் செல்வந்தர்களாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் குன்றில் கோயில் வேலை பாதியில் நின்றுபோனது; அதை முடித்துத் தர யாரும் வரவில்லை. ஆனால் உரைப்பவருக்குச் சோறு போட ஏற்பாடு செய்தவர்கள் இருந்தார்கள். குரவரும் குரத்தியாரும் மாணாக்கரும் அங்கே இருந்தார்கள் என்று இன்று நமக்குத் தெரிவதற்கு, அப்படிச் சின்னச் சின்னதாகக் கொடுத்தவர்கள் விட்டுப்போன இரண்டு மூன்று வரிகள்தாம் காரணம். கட்டடம் முடியாவிட்டாலும் கல்வி நடக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சோறு நின்றால் நடக்காது என்பதையும்.